ஒரு மாவட்டமும் விலக்கில்லை என்றால், வேலூரைக் காட்டுங்கள்

ஆசை காட்டியோ மிரட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றுவது நடக்காத மாவட்டம் இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. இத்தகைய மதமாற்றத்தைத் தடுக்கக் கடும் நடவடிக்கை கேட்டு வழக்கறிஞர் அஸ்வினி உபாத்யாய 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பொதுநல மனுவின் அடித்தளக் கூற்று இது. ஒரு மாவட்டம்கூட விலக்கில்லை என்றால் வேலூரும் அதில் அடக்கம். 2019இல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தின் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அடக்கம். இந்த மண்ணில் பிறந்து, இங்குள்ள ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று, என் விசுவாசத்தை அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லிவரும் நானும் அடக்கம். எனவே பதில் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

மனுதாரருக்கு இது முதல் முயற்சி கிடையாது. 2021 ஏப்ரலில் ஏறக்குறைய இதே கோரிக்கையோடு இதே நீதிமன்றத்துக்கு வந்தார். 18 வயது நிரம்பிய ஒருவர் தம் மதத்தைத் தாமே தேர்ந்துகொள்வதில் என்ன தடை என்று நீதிபதி ரோஹிண்டன் நாரிமன் தலைமையிலான அமர்வு கேட்டது. அரசியலமைப்பில் மதத்தைப் பரப்பும் உரிமை காரணத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது என்றும் நினைவூட்டியது. மனு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே வேறு அமர்வு முன் அதே குற்றச்சாட்டு மறுபடி வந்தது. 2022 டிசம்பர் 5 அன்று அந்த அமர்வு, தர்மம் செய்வது நல்லதுதான், ஆனால் அதன் நோக்கம் மதமாற்றமாக இருக்கக் கூடாது என்று வாய்மொழியாகச் சொன்னது. அன்று முதல் அந்த ஒரு வரியே பலருக்கு முழுத் தீர்ப்பாகிவிட்டது. டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் அதையே கேட்கிறேன்: மிஷன் ஆஸ்பத்திரி தூண்டில், மருந்து புழு, ஏழை நோயாளி மீன்.

இந்த வாதம் பொய். வெறும் பொய்யோடு நிற்கவும் இல்லை. அது முதலில் அவமதிப்பது மிஷனரியை அன்று, நோயாளியை.

தூண்டிலிலிருந்தே தொடங்குகிறேன். தூண்டில் போடுபவன் மீனுக்காகவே போடுகிறான். மீன் விழாத குளத்தில் 120 ஆண்டுகள் உட்கார்ந்திருக்க மாட்டான். வேலூரில் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது 1902இல். அதைக் கட்டிய ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819இலேயே மருத்துவ ஊழியராகக் கடல் கடந்து இலங்கைக்கு வந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தும் ஐடாவுக்கு மிஷனரி ஆக விருப்பமே இருந்ததில்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தார்; திரும்பிப் போய்விடுவதாகவே இருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடாவின் தகப்பனார் மருத்துவர்தான், ஆனால் ஆண். அவரை உள்ளே விட மூவருமே மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த மூவரில் ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றொருவரும் சாதி இந்து. கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. அந்த மூன்று சாவுகளுக்குப் பதிலாகத்தான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் காலமான தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரோடு 1900இல் வேலூர் வந்து சேர்ந்தார். 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1946இல் பால் பிராண்ட் வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். பெற்ற பிள்ளையே தொடத் தயங்கிய கை அது. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஊருக்குள் விட மாட்டார்கள், பல ஆஸ்பத்திரிகளில் சேர்க்கவும் மாட்டார்கள். அவர்களுக்காக 1955இல் கரிகிரியில் தனி மருத்துவமனையே எழுந்தது. ஊரே ஒதுக்கிவைத்த தொழுநோயாளியை ஆள் பிடிக்கும் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? எந்தத் தலைக்கட்டு எண்ணிக்கைக்காக ஒரு அறுவை மருத்துவர் தம் வாழ்நாளை அந்த விரல்களுக்குக் கொடுப்பார்? மனுவில் இதற்குப் பதில் இல்லை. இருக்கவும் முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு வேலூர் கிறிஸ்தவ ஊராகிவிட்டதா? இல்லை. கிறிஸ்தவர்கள் இங்கே சிறு எண்ணிக்கையினர், இஸ்லாமியரைவிடவும் குறைவு. தமிழ்நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 2011 கணக்கெடுப்பில் 6.12 விழுக்காடு. இந்தியாவில் 1951இல் 2.3 விழுக்காடு, 60 ஆண்டுகள் கழித்து 2011இலும் அதே 2.3. ஐடா தொடங்கி இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருக்கும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நில்லுங்கள். எதிர்த் தெருக்களில் லாட்ஜ்களின் பலகையெல்லாம் வங்காள மொழியில் எழுதியிருக்கும். கல்கத்தாவிலிருந்தும் திரிபுராவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கியவர்கள், ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நெற்றியில் திலகத்தோடு உள்ளே போகிறவர் அதே திலகத்தோடு வெளியே வருகிறார். தொப்பியோடு போகிறவர் தொப்பியோடு வருகிறார். ஆசை காட்டும் சூழ்ச்சி மாவட்டந்தோறும் வெற்றியோடு நடக்கிறது என்பவர்கள், இந்த எண்களையும் இந்த மனிதர்களையும் எந்தப் பெட்டியில் மூடி வைப்பார்கள்?

"அப்படியானால் சுவரில் எதற்கு வேத வசனம்? வார்டில் எதற்கு ஜெபம்?" என்று கேட்கிறார்கள். ஒளித்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆம், சுவரில் வசனம் இருக்கிறது. வளாகத்துக்குள் ஆலயம் இருக்கிறது. ஆறுதல் சொல்லும் போதகர்கள் படுக்கையருகே வந்து, ஜெபிக்கலாமா என்று கேட்பதுண்டு. இயேசு கிறிஸ்து இன்றும் உயிரோடிருக்கிறார், துன்பப்படுபவரின் பக்கத்தில் நிற்கிறார் என்று நாங்கள் மெய்யாகவே நம்புவதால் கேட்கிறோம். நம்பிக்கொண்டே, மரண பயத்தில் கிடக்கும் ஒருவரிடம் அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வதைத்தான் நான் கொடுமை என்பேன். வேண்டாம் என்று அவர் சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்தது. அவருடைய மாத்திரை நிற்காது, ஆபரேஷன் தள்ளிப்போகாது, பில் கூடாது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதத்தை எடுத்துக்கொள்வதே நேர்மை. அது உபாத்யாயவுடையது இல்லை, காந்தியுடையது. மனிதநேயப் பணியின் போர்வையில் மதம் மாற்றுவது ஆரோக்கியமானதன்று என்று 1931இல் அவர் எழுதினார். மருத்துவர் நிற்கிறார், நோயாளி படுத்திருக்கிறார். அந்த நிலையில் சொல்லப்படும் சொல்லுக்குக் கூடுதல் எடை வந்துவிடும் என்ற அவருடைய கவலையில் உண்மை உண்டு. அதனால்தான் நிபந்தனை போடக் கூடாது. அதனால்தான் சிகிச்சை முந்த வேண்டும், கேள்வி பிந்த வேண்டும், மறுப்புக்கு இடம் வேண்டும். காந்தியின் கவலை கேட்பது இவற்றை. ஆனால் அந்தக் கவலையிலிருந்து சிறைத் தண்டனைக்குத் தாவுகிறவர்களுக்குக் காந்தியின் பெயரை எடுக்க உரிமையில்லை. தாம் எதிர்த்த மிஷனரிகளோடு நட்பாகப் பேசியும் எழுதியும் விவாதித்தவர் அவர்.  மேலும், போர்வை என்பது மூடி மறைப்பது. வாசலிலேயே 'கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி' என்று பெயர் எழுதி வைத்திருக்கும் இடத்தில் எது மறைந்திருக்கிறது?

ஆஸ்பத்திரியை விட்டால் அடுத்த குற்றவாளி மிஷன் பள்ளிக்கூடம். இளம் மூளையைக் கழுவிவிடுகிறார்களாம். வேலூரில் ஊரீசு கல்லூரி இருக்கிறது, 1898இல் தொடங்கியது. அங்கே படித்த திருத்தணிப் பையன் ஒருவர், அதற்கு முன் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும் அதற்குப் பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். அதாவது பள்ளியிலிருந்து முதுகலை வரை மிஷன் வகுப்பறை. அவர் பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். கிறிஸ்தவ ஆசிரியர்கள் இந்து சமயத்தின் மீது வைத்த விமர்சனம் தம்மைச் சுட்டதென்றும், அதுவே தம் சமயத்தை ஆழமாகக் கற்கத் தூண்டியதென்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்த விமர்சனத்துக்குப் பதிலாகத்தான் 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வேடு எழுதினார், அதுவும் கிறிஸ்தவக் கல்லூரிக்கே. அவருடைய பேராசிரியர் ஆல்பிரட் ஹாக் அதைப் பாராட்டினார். விசுவாசத்தைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேலூரில் இல்லை: ஒருவர் சொன்னார், ஒருவர் கேட்டார், கேட்டவர் வலுவாக மறுத்தார், இருவரும் முன்னைவிடக் கூர்மையானார்கள். மறுத்தவர் பின்னாளில் குடியரசுத் தலைவராகவும் ஆனார்.

அதே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து பேசினார். மதத்தைப் பரப்பும் உரிமையைச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று சிலர் வாதாடிய நாட்கள் அவை. தாம் 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், ஒருவரும் தம்மை மதம் மாற்ற முயலவில்லை என்றும் சொல்லி அந்த உரிமைக்காக நின்றார். இன்று நான் வைத்திருக்கும் 25ஆம் பிரிவின் உரிமையை எனக்கு வாங்கித் தந்தவர்களில் அந்த ஐயங்காரும் ஒருவர். நன்றியோடு சொல்கிறேன்.

வேலூர்க்காரனிடம் மதமாற்றம் பேச வருகிறவர்கள் கடைசியில் கோட்டையைக் காட்டுவார்கள். 1806 ஜூலை 10. நெற்றிக்குறியை அழி, தாடியை மழி, கடுக்கனைக் கழற்று, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணி என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவம் உத்தரவு போட்டது. தங்களைக் கிறிஸ்தவர்களாக்கும் சதி இது என்று சிப்பாய்கள் எழுந்தார்கள். 100க்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்களும், அதைவிடப் பல மடங்கு சிப்பாய்களும் செத்தார்கள். அந்தச் சிப்பாய்களின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஒருவன் நெற்றியில் கை வைக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. ஆனால் அங்கே உத்தரவு போட்டது யார்? பிரசங்கியாரா, படைத்தளபதியா? வேலூரில் ரத்தம் சிந்தியதும் லண்டனில் என்ன நடந்தது தெரியுமா? பழியை மிஷனரிகள் மேல் போட்டு, அவர்களை இந்தியாவுக்குள் விடவே கூடாது என்று கம்பெனியின் ஆதரவாளர்கள் வரிந்துகட்டி எழுதினார்கள். 1813 சாசனச் சட்டம்தான் மிஷனரிகளுக்குக் கம்பெனியின் மண்ணில் சட்டப்படி வழி திறந்தது. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று கம்பெனி அஞ்சிய வேலையைக் கம்பெனியின் சதி என்று இன்று பாடம் நடத்துகிறார்கள். 1806 நமக்குச் சொல்வது, மனசாட்சிக்குள் அரசு கையை நுழைக்கக் கூடாது என்பதைத்தான். மதமாற்றத் தடைச் சட்டம் கேட்கிறவர்கள் அந்தக் கையைத்தான் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

இனி, எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதிக்கும் இடத்துக்கு வருகிறேன். பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மதம் மாறியவர்கள். இந்த வசையைக் கேட்காமல் வளர்ந்த தலித் கிறிஸ்தவப் பிள்ளை, தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்தில் கிடையாது. மனுவின் மொழி நாகரிகமானது. உள்ளே இருப்பது இதே வசைதான். மேல்சாதிக்காரர் மதம் மாறினால் சிந்தனை மாற்றம். சேரிக்காரர் மாறினால் சோற்றுக்கு விலைபோனது. அவருக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கும், இரவில் விழித்துக் கிடந்து கடவுளைப் பற்றி யோசித்திருப்பார் என்ற எண்ணமே இவர்களுக்கு வருவதில்லை.

இதற்கு வரலாறு சொன்ன பதில் பழைய சென்னை மாகாணத்தின் ஓங்கோலில் இருக்கிறது. எர்ரகுண்ட்ல பெரியா, மாதிகர் என்ற தலித் சாதியைச் சேர்ந்தவர், தோல் வாங்கி விற்கும் தொழில். மிஷனரி அவரைத் தேடிப் போகவில்லை. அவர்தான் கடவுளைத் தேடி முன்பே யோகமார்க்கத்தில் நடந்தவர். தோல் வியாபாரத்துக்குப் போன இடத்தில் உறவுக்காரர் ஒருவர் மூலம் கிறிஸ்துவைக் கேள்விப்பட்டார். 1866இல் திருமுழுக்குப் பெற்றார். அதற்குப்பின் தோலுக்காகப் போன ஊர்களுக்கெல்லாம் சுவிசேஷத்தையும் கொண்டுபோனார். ஓங்கோலில் மக்கள் திரளாகக் கிறிஸ்தவரான பெரும் இயக்கத்தைத் தொடங்கியது வெள்ளைக்காரர் இல்லை, ஒரு மாதிகத் தோல் வியாபாரி. பிறகு வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். மிஷனரி ஜான் கிளவ் பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி கொடுத்தார். திருமுழுக்குக் கேட்டுக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர் கொடுக்க மறுத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாதென்று, நிவாரணம் நடந்த காலம் முழுவதும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நிவாரணம் நின்றது. கொடுக்க இனி ஒரு பிடி தானியமும் இல்லை என்ற நிலையில் அவர்கள் மறுபடி வந்தார்கள். 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் இறங்கினார்கள். புழு இல்லாத தூண்டிலுக்கு இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று தூண்டில்காரர்கள் விளக்கட்டும்.

இன்றைய கணக்கையும் பார்க்கலாம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைப்படி கிறிஸ்தவராகும் தலித், பட்டியல் சாதிக்குரிய இடஒதுக்கீட்டை இழக்கிறார். சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் இஸ்லாமியரையும் இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் கிடையாது. ஊரில் அவரைப் பார்க்கிறவர்களின் கண்ணில் மட்டும் சாதி அப்படியே இருக்கும். ஆசை காட்டி மாற்றினார்கள் என்கிறீர்களே, ஆசை எந்தப் பக்கம் இருக்கிறது? மாறாமலிருக்கச் சலுகையும் மாறினால் இழப்பும் வைத்திருப்பது இந்த நாட்டின் சட்டம். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்று ஆலயத்துக்குள் வருகிறவரை விலைபோனவர் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரக் கூடாது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் விசுவாசம் எப்படிப் பகிரப்படுகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த மனு வேறு ஏதோ நாட்டைப் பற்றியது போலிருக்கும். காலை கம்பெனி பஸ்ஸில் பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். வரிசையாகத் தையல் மெஷின். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் ஒருத்தி பக்கத்து மெஷின்காரியிடம், "எங்க சபைக்கு ஒருநாள் வாயேன்க்கா, புள்ளைக்காக ஜெபம் பண்ணலாம்" என்கிறாள். முதலாளி பெரும்பாலும் இஸ்லாமியர். சூப்பர்வைசர் இந்துவாக இருப்பார். கூப்பிடுகிறவளின் கையில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? அவளுக்கும் அதே கூலிதான், அதே கழுத்துவலிதான், மாதக் கடைசியில் அதே கைமாற்றுதான். அந்த அக்கா வரலாம், வராமலும் போகலாம். "எங்க மாரியம்மாவுக்குக் கூழ் ஊத்துறோம், நீ வந்து குடி" என்று திருப்பிக் கூப்பிடவும் செய்யலாம். இருவருக்கும் அதற்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் சுவிசேஷத்தின் பெரும்பகுதி இந்த மாதிரிதான் போய்க்கொண்டிருக்கிறது. இதைத் தடுக்கவா கடும் சட்டம் வேண்டும் என்கிறீர்கள்?

என் பக்கத்திலும் களை இருக்கிறது. ஒரு ஜெபத்தில் கேன்சர் போகும், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே நோட்டீஸ் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என் ஆண்டவரின் பெயரால் பொய் சொல்கிறார்கள். அவர்களை நம்பிச் சிகிச்சையை விட்டுச் செத்தவர்களுக்காகச் சபைகள் வெட்கப்பட வேண்டும், மேடையிலேயே கண்டிக்க வேண்டும். பணம் பறித்தால் மோசடி வழக்கு, மிரட்டினால் மிரட்டல் வழக்கு, அடித்தால் அடிதடி வழக்கு. எல்லாவற்றுக்கும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, எல்லா மதத்தாருக்கும் பொதுவாக இருக்கிறது. புதிய சட்டம் கேட்பவர்களின் குறி இவர்கள் இல்லை.

குறி எது என்பதை இத்தகைய சட்டங்களின் வரையறையே காட்டும். 1967இல் ஒரிசா தொடங்கி வந்தவை, கட்டாயம் என்பதற்குள் தெய்வக் கோபத்தைக் காட்டி அச்சுறுத்துவதையும் சேர்த்தன. சாமி குத்தம் ஆகும் என்று சொல்லாத பூசாரி தமிழ்நாட்டில் உண்டா? நரகத்தைப் பற்றிப் பேசாத மதம் எங்கே இருக்கிறது? ஆசை காட்டுதல் என்பதற்குள் எந்தப் பரிசும் அடங்கும். தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் இப்படி ஒரு சட்டத்தை ஜெயலலிதா அரசு கொண்டுவந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அதே அரசே கைவிட்டது. உத்தரப்பிரதேசத்தில் 2021 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, மதம் மாற விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். விசாரணைக்குப் போலீஸ் வரும். குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். அங்கே ஃபதேபூரில் 2022 ஏப்ரலில், பெரிய வியாழன் ஆராதனை நடந்த ஆலயத்தைக் கும்பல் முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர்கள் மேல் வழக்கு. அந்த ஊரின் மிஷன் மருத்துவமனை ஊழியர்களும் சிக்கவைக்கப்பட்டார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகள் பலவற்றை ரத்து செய்தது. நடுவில் போன மூன்றரை ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எனக்கு எடுத்துக் காட்டுவார்கள். அந்தத் தீர்ப்பே, தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம் என்பதையும் உறுதிசெய்தது. அதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். யாரையும் மாற்றும் அதிகாரம் எனக்கு வேண்டாம். அது என்னால் ஆகிற காரியமும் இல்லை. சொல்ல எனக்கும், கேட்கவும் மறுக்கவும் ஏற்கவும் அவருக்கும் உரிமை வேண்டும். தமிழ்நாடு அரசு 2023இல் இதே வழக்கில் தாக்கல் செய்த பதிலும், கிறிஸ்தவத்தைப் பரப்புவது தன்னளவில் சட்டவிரோதம் ஆகாது என்றே சொல்கிறது.

ஒரு மாவட்டமும் விலக்கில்லை என்று எழுதியவர் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றிலும் நடந்ததற்கு ஆதாரம் தரக் கடமைப்பட்டவர். எந்த வார்டு, எந்தத் தேதி, ஜெபத்தை மறுத்ததற்காக எந்த நோயாளிக்கு மருந்து நிறுத்தப்பட்டது? அப்படி ஒன்றை அவர் கொண்டுவந்தால், அந்தக் குற்றவாளிக்கு எதிராக முதல் சாட்சியாக நான் வருகிறேன். கொண்டுவர முடியாவிட்டால் மனுவிலிருந்து அந்த வரியை அடிக்கட்டும்.